அரியணையும் சின்னமும்: நவீன யப்பானியப் பேரரச தம்பதியர் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற மூன்று அச்சு நாடுகளுள், போர் தொடங்கியபோது அரசுத் தலைமையில் இருந்தவரே போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் அப்பதவியில் நீடித்த நாடு யப்பான் ஒன்றேயாகும். இத்தாலியில் 1946 யூன் மாதத்து வாக்கெடுப்பு முடியாட்சியை ஒழித்தது. செருமனியிலே ஹிட்லரோடு அவனது அரசும் அழிந்தது. யப்பானில் மாத்திரம், எவருடைய பெயரால் போர் பிரகடனம் செய்யப்பட்டதோ அந்த ஹிரோஹிதோ 1989 சனவரி 7ஆந் திகதி இறக்கும்வரை அரியணையில் இருந்தார். அவரின் பின் அவருடைய மகன் அகிஹிதோவும் மருமகள் மிச்சிகோவும் 2019 ஏப்ரல் 30 வரை முப்பதாண்டு காலம் பேரரசராகவும் பேரரசியாகவும் விளங்கினர். இவ்விருவரின் எளிமை, பண்பு, அமைதி நாட்டம் ஆகியன பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு எத்தகைய மனிதரை வேண்டி நின்றது, அம்மனிதர் ஆற்றிய பணியின் எல்லைகள் யாவை என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. அவ்வெல்லைகளுக்கு அப்பால் நிற்போருள் தமிழரும் அடங்குவர் என்பதால் இது நமக்குப் புறம்பான பொருளுமன்று.

யப்பானிய முடியாட்சியைக் குறிக்க வழங்கும் ‘தென்னோசெய்’, அதாவது பேரரசர் அமைப்பு, என்னும் சொல் பொதுவுடைமையாளரின் வாதங்களிலிருந்து வழக்குக்கு வந்ததொன்றாகும். 1932ஆம் ஆண்டில் கொமின்ரேண் வகுத்த ஆய்வுரை, அவ்வமைப்பை ஒருபுறம் நிலக்கிழார் வர்க்கத்தின் மீதும் மறுபுறம் ஏகபோக முதலாளித்துவத்தின் மீதும் ஊன்றி நின்ற எதேச்சாதிகாரமாகக் கண்டது. 1889ஆம் ஆண்டு மெய்ஜி அரசியலமைப்பு பேரரசரைப் புனிதமானவர், தீண்டவொண்ணாதவர் எனக் கூறியது வெறும் சடங்குரையன்று. முப்படைகளின் தலைமை அவரிடமிருந்தது. பேரரச இல்லம் பெருங்காடுகளுக்கும் பங்கு முதல்களுக்கும் உரிமை பூண்டிருந்தது. அவரை நிந்தித்தல் தண்டனைக்குரிய குற்றமாகும். பாட்டாளி வர்க்க எழுத்தாளரான கொபயாஷி தக்கிஜி தமது நாவலொன்றில் இடம்பெற்ற சில வரிகளுக்காக அக்குற்றஞ் சாட்டப்பட்டவர். 1933 பெப்ரவரி 20ஆந் திகதி பொலிசாரின் காவலிலே சித்திரவதையால் அவர் மாண்டார். அவ்வாண்டின் டிசெம்பர் 23ஆந் திகதியே அகிஹிதோ பிறந்தார்.

போரின் பின் இவ்வமைப்பின் பொருளியல் அடித்தளம் பெரிதும் மாறியது. நிலச்சீர்திருத்தம் நிலக்கிழார் வர்க்கத்தை ஏறத்தாழ இல்லாதொழித்தது. படைகள் கலைக்கப்பட்டன. பேரரச இல்லத்தின் சொத்துக்கள் அரசுடைமையாயின. 1947 ஒக்டோபரில் பதினொரு கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேர் அரச குலத்திலிருந்து நீக்கப்பட்டுச் சாதாரண குடிகளாயினர். 1947 மே 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பேரரசரை அரசினதும் மக்கள் ஒற்றுமையினதும் சின்னம் என வரையறுத்து, இறைமை மக்களிடமே உள்ளதென்றும் அவருக்கு ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லையென்றும் விதித்தது. அடித்தளம் பெயர்க்கப்பட்ட பின்னரும் கட்டடம் நின்றது. அதை நிறுத்தி வைத்தது அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆட்சியின் தேவை. வலிமை மிக்க தொழிலாளர் இயக்கமும் சிறையிலிருந்து மீண்ட பொதுவுடைமையாளரும் நிறைந்த நாட்டிலே, பழைய ஆளும் வர்க்கத்தைச் சிதறவிடாது பணியவைக்க மக்காதருக்கு ஒரு பேரரசர் தேவைப்பட்டார். எனவே டோக்கியோ நீதிமன்றத்தில் ஹிரோஹிதோ குற்றஞ்சாட்டப்படவுமில்லை, சாட்சியாக அழைக்கப்படவுமில்லை.

மூன்று வயதிலிருந்து பெற்றோரைப் பிரிந்து, பணியாளர் நடுவே வளர்க்கப்பட்ட சிறுவன் அகிஹிதோ இச்சூழலின் பிள்ளையாவார். 1946 முதல் 1950 வரை எலிசபெத் கிரே வைனிங் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1948 டிசெம்பர் 23ஆந் திகதி, அவருடைய பதினைந்தாம் பிறந்த நாளன்று, முன்னாட் பிரதமர் தோஜோ உட்பட எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அத்தினம் எவ்வாறு தெரிவாயிற்று என்பது பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். அதனை விடுத்து நோக்கினும், தந்தையின் பெயரால் ஆணையிட்டோர் மாண்ட நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாட வேண்டிய ஒருவரின் அகநிலையை இலக்கிய மாணவன் எளிதிற் கடந்து செல்ல மாட்டான். நாகனோ ஷிகெஹரு என்னும் மார்க்சிய எழுத்தாளர் 1947இல் எழுதிய சிறுகதையொன்றில், பாடசாலை அதிபர் ஒருவர் தமது பொதுவுடைமை நண்பருக்குக் கடிதம் எழுதுகின்றார். பேரரசர் என்ற தனிமனிதரின் அவலத்தைக் கட்சி உணரவில்லை என்பதும், அவ்வமைப்பு நீங்கினாலன்றி அவர் மனிதராக முடியாது என்பதும் அக்கடிதத்தின் சாரம். நிறுவனத்தை எதிர்த்தல் வேறு, மனிதரை இகழ்தல் வேறு என்ற இந்நுட்பத்தை நமது முற்போக்கு எழுத்திலும் அடிக்கடி தவறவிடுகின்றோம்.

1959 ஏப்ரல் 10ஆந் திகதி நடைபெற்ற திருமணம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். மணமகள் ஷோதா மிச்சிகோ 1934 ஒக்டோபர் 20ஆந் திகதி பிறந்தவர். ஆங்கில இலக்கியம் பயின்ற பட்டதாரி. தந்தையார் நிஷ்ஷின் மாவாலைக் கம்பனியின் தலைவர். 1957ஆம் ஆண்டுக் கோடையிலே கருயிசாவாவின் டெனிஸ் மைதானத்தில் இருவரும் சந்தித்தனர். இச்செய்தி நாடெங்கும் எழுப்பிய பரபரப்புக்கு ‘மிச்சி பூம்’ என்றே பெயரிடப்பட்டது. அவரைச் சாதாரண குடிமகள் எனப் பத்திரிகைகள் கொண்டாடின. மாவாலை முதலாளியின் மகள் எவ்வகையில் சாதாரண குடிமகளாவார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை! உயர்குடிப் பட்டங்கள் ஒழிக்கப்பட்ட நாட்டில் அரச குலம் தன் புதிய உறவைத் தொழில் முதலாளி வர்க்கத்திலே தேடிக்கொண்டது என்பதே உண்மை. எனினும் இம்மணம் காதல் மணமாக மக்களால் உணரப்பட்டமை பொய்யுணர்வன்று. பெற்றோர் பேசி முடிக்கும் திருமணத்துக்கு மாறாகத் தாமே துணையைத் தேரும் உரிமையைப் புதிய அரசியலமைப்பு இளைஞருக்கு வழங்கியிருந்தது. அவ்வுரிமையின் வடிவத்தை அவர்கள் அத்தம்பதியரிடத்தே கண்டனர்.

ஊர்வலத்தைக் காணத் தெருவில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அதனினும் மிகப் பெருந்தொகையினர் அதைத் தொலைக்காட்சியிற் பார்த்தனர். 1958 மே மாதத்தில் பத்து இலட்சமாயிருந்த தொலைக்காட்சி உரிமங்கள் திருமண மாதத்தில் இருபது இலட்சமாயின. அரசியலறிஞர் மட்சுஷிதா கெயிச்சி அவ்வாண்டே எழுதிய கட்டுரையில் இப்புதிய நிலையை ‘வெகுசனப் பேரரசர் அமைப்பு’ என விளக்கினார். தெய்வாம்சத்தின் மீதன்றி வெகுசனத்தின் அபிமானத்தின் மீது நிற்பது அது. அதன் இயக்கம் நுகர்வுச் சந்தையின் இயக்கத்தோடு இணைந்தது. பேரரச தம்பதியர் இனி வணங்கப்படுபவர் அல்லர், பார்க்கப்படுபவர். தனிக்குடும்பம், நவீன சமையலறை, தாய் தானே பிள்ளை வளர்த்தல் என்று வளர்ச்சிக் கால மத்தியதர வர்க்கம் அவாவிய வாழ்வின் முன்மாதிரி அரண்மனையிலிருந்து ஒளிபரப்பாயிற்று.

இப்புதிய அன்பின் ஓரங்களில் பழைய வன்முறை அழியாதிருந்தது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிராக இலட்சக்கணக்கானோர் கிளர்ந்தெழுந்தனர். யூன் 15ஆந் திகதி டோக்கியோப் பல்கலைக்கழக மாணவி கன்பா மிச்சிகோ நாடாளுமன்ற வளாகத்தில் மாண்டார். (இரு மிச்சிகோக்கள்! அக்காலத் தலைமுறைக்கு இவ்வொப்பீடு தோன்றாதிருந்திருக்க முடியாது.) அவ்வாண்டின் இறுதியில் புக்கஸாவா ஷிச்சிரோ என்னும் எழுத்தாளர், அரச குடும்பத்தினர் புரட்சியிற் சிரச்சேதம் செய்யப்படுவதாகக் கனவு காண்பவன் பற்றிய கதையைச் ‘சூஓ கோரோன்’ சஞ்சிகையில் வெளியிட்டார். 1961 பெப்ரவரி முதலாந் திகதி வலதுசாரி இளைஞன் ஒருவன் சஞ்சிகை வெளியீட்டாளரின் வீட்டினுட் புகுந்து பணிப்பெண்ணைக் கொன்று, அவருடைய மனைவியையும் படுகாயப்படுத்தினான். இறந்தவள் அக்கதையோடு எவ்விதத் தொடர்புமற்ற கூலிப் பெண். அரண்மனை பற்றி யப்பானிய எழுத்தாளர் பின்னர் கடைப்பிடித்த மௌனத்துக்கு இச்சம்பவமும் ஒரு காரணம். சட்டத்தால் நீக்கப்பட்ட அரச நிந்தனைக் குற்றம் கத்தியின் முனையில் மீண்டும் உயிர்பெற்றது.

மிச்சிகோவின் வாழ்வு தனியே நோக்கத்தக்கது. அரச குலத்துக்கு வெளியிலிருந்து வந்த மருமகள் என்பதால் உட்சுற்றத்தின் வெறுப்பையும், ஆண் வாரிசைப் பெற வேண்டிய கடமையையும், ஓயாது நோக்கும் புகைப்படக் கருவிகளையும் அவர் ஒருங்கே எதிர்கொண்டார். 1993ஆம் ஆண்டிலே அவர் அரண்மனை மரபைக் குலைக்கின்றார் எனச் சஞ்சிகைகள் சில தொடர்ந்து தாக்கின. அவ்வாண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி, தமது பிறந்த நாளன்று, மயங்கி விழுந்த அவர் சில மாத காலம் பேச்சிழந்திருந்தார். அவர் மருமகளான மசாகோ வெளிநாட்டுச் சேவையில் பணியாற்றியவர். ஒரே பிள்ளையாகப் பெண்மகவைப் பெற்ற அவரது உளநலக் குறைவு 2004இல் அரண்மனையால் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பெண் அரியணை ஏறவொண்ணாது என்ற விதி பண்டைய மரபன்று. பெண் பேரரசர் எண்மர் ஆண்ட வரலாறு யப்பானுக்கு உண்டு. அவ்விதி மெய்ஜி காலத்தில் ஆக்கப்பட்டு, ஆண் பெண் சமத்துவத்தைப் பேசும் 1947ஆம் ஆண்டு அரசியலமைப்போடு கூடவே பேரணைத்துக்கொள்ளப்பட்ட ஒன்று.

அதிகாரமற்ற பேரரசர் செய்வது யாது? சட்டம் விதித்த ஒப்பங்களும் வரவேற்புகளும் சிறுபகுதியே. அகிஹிதோவும் மிச்சிகோவும் சின்னம் என்ற வெற்றுச் சொல்லுக்குத் தாமே உள்ளடக்கம் தேடினர். 1991இல் உன்சென் எரிமலை வெடித்தபோது, புகலிடத்தின் தரையில் அமர்ந்திருந்த மக்கள் முன் அவர்கள் முழந்தாளிட்டுப் பேசினர். 1995இல் கோபே நிலநடுக்கத்தின் பின்னும், 2011இல் வடகிழக்குக் கரையைக் கடற்கோள் அழித்த பின்னும் அக்காட்சி மீண்டது. எத்தோ ஜுன் என்னும் பழைமைவாத இலக்கியத் திறனாய்வாளர், பேரரசர் முழந்தாளிட வேண்டியதில்லை எனக் கண்டித்தார். அவருடைய அச்சம் வீணானது. நின்ற அரசனை விட முழந்தாளிட்ட அரசனே சனநாயக யுகத்தில் உறுதியாக நிற்கின்றான். எனினும் அகிஹிதோ வலதுசாரிகளின் விருப்பத்துக்கு இசைந்தாடியவர் அல்லர் என்பதையும் கூறல் நேர்மை. தேசியக் கொடியும் கீதமும் பாடசாலைகளிற் கட்டாயமாவது விரும்பத்தக்கதன்று என 2004இல் வெளிப்படையாகச் சொன்னார். போர்க் குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் யஸுகுனி ஆலயத்துக்கு, அரியணையிலிருந்த முப்பதாண்டுகளில் ஒரு தடவையேனும் செல்லவில்லை. 2015 முதல் போர் முடிவு நாள் உரையில் ஆழ்ந்த தன்விமரிசன உணர்வைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். 2016 ஓகஸ்ட் 8ஆந் திகதி காணொளி மூலம் முதுமையின் தளர்ச்சியைக் கூறி, 1817இன் பின் நிகழாத பதவித் துறப்புக்கு வழி திறந்தார்.

எல்லாவற்றுள்ளும் முக்கியமானது இத்தம்பதியர் மேற்கொண்ட நினைவுகூரற் பயணங்கள். 1975 யூலையில் முடிக்குரிய இளவரசராக ஒக்கினாவாவுக்குச் சென்றபோது, போரில் மாண்ட மாணவியரின் நினைவிடத்தில் அவர்கள்மீது தீக்குண்டு வீசப்பட்டது. ஆயினும் அவர்கள் அத்தீவை மீண்டும் மீண்டும் நாடிச் சென்றனர். 1994இல் இவோஜிமா, 2005இல் சைப்பான், 2015இல் பலாவு, 2016இல் பிலிப்பீன்சு என அப்பயணம் நீண்டது. யப்பானியர் மறக்கலாகாத நாள்கள் நான்கு என அகிஹிதோ 1981இல் குறிப்பிட்டார். ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு வீழ்ந்த நாள்கள், ஒக்கினாவாப் போர் முடிந்த நாள், போர் முடிந்த ஓகஸ்ட் 15 என்பனவே அவை. இந்நான்கும் யப்பானியரின் அழிவையும் தோல்வியையும் நினைவூட்டுவன. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதும், மலாயாவின் கோத்தா பாருவில் யப்பானியப் படை இறங்கியதுமான 1941 டிசெம்பர் 8 இப்பட்டியலில் இல்லை. சைப்பானிலே கொரியர் நினைவிடத்திலும் தலை வணங்கியவர்கள், பிலிப்பீன்சில் அந்நாட்டு வீரரின் கல்லறைகளையும் வணங்கியவர்கள் என்பது உண்மை. எனினும் துயரம் நிகழ்ந்ததென்பதைக் கூறச் சின்னத்துக்கு வாயுண்டு, அதற்குப் பொறுப்பு யாரென்று கூற வாயில்லை. அரசியல் பேசுதல் அதற்கு விலக்கப்பட்டுள்ளது. ஆகவே அரசு சொல்ல விரும்பாததைப் பேரரசர் சொல்லவும் இயலாது, அவர் துக்கித்துவிட்டமையால் அரசு மேலும் எதுவும் செய்ய வேண்டியதுமில்லை.

இவ்விடத்தில் நமது மக்களை நோக்குவோம். ஈழத்துத் தமிழர் மலாயாவை நினைவுகூர்வது பெரும்பாலும் பென்சன் வழியாகவே. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயிருந்து மீண்டோர் யாழ்ப்பாணக் கிராமங்களிற் கட்டிய கல்வீடுகளும், அவர்கள் நன்கொடையளித்த பாடசாலைகளும் கோயில்களும் அந்நினைவின் தூண்கள். 1942 முதல் 1945 வரை கடிதமும் காசும் வராதிருந்த பஞ்ச காலம் அதில் ஒரு துயர அத்தியாயம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தமிழரின் நினைவு வேறு. இறப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்த தோட்ட மக்கள், முதலிற் சம்பள ஆசை காட்டியும் பின்னர் பலவந்தமாகவும் சயாம்–பர்மாப் புகையிரதப் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபரில் இணைந்தது. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடினும் 1,80,000க்கு மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டு, அவர்களுள் 90,000 வரையிலானோர் இறந்தனர் என்பது பலர் ஏற்கும் கணக்கு. மலாயாத் தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளுக்குச் சொந்த மருத்துவரும் படைக் கட்டுப்பாடும் இருந்தன, தொழிலாளருக்கு அவையுமில்லை. வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தனர். மலாயாப் பாடசாலைகளிற் பிள்ளைகள் கிழக்கு நோக்கிப் பேரரசரின் அரண்மனையை வணங்க விதிக்கப்பட்ட காலம் அது.

போரின் பின் நடந்த விசாரணைகளிலே, கைதிகளைத் துன்புறுத்திய குற்றத்துக்காகக் கொரிய இனத்துச் சிறைக்காவலரும் தூக்கிலிடப்பட்டனர். யப்பானியப் படையிலே கடைநிலையில் இருந்த குடியேற்ற நாட்டு ஏழைகள் அவர்கள். தமிழ்த் தொழிலாளரின் இழப்பீட்டு உரிமையோ பல அரசுகளின் கைகளுக்கிடையே நழுவியது. 1951 செப்டெம்பரில் சன் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகைமை பகைமையால் தணியாதென்ற புத்தர் வாக்கை எடுத்துக்காட்டி இழப்பீடு வேண்டாம் என்றார். யப்பானை அமெரிக்க அணியில் நிறுத்தும் உடன்படிக்கைக்குச் சோவியத் தரப்பு எழுப்பிய ஆட்சேபங்களுக்கும் அவ்வுரை மறுமொழியாயிற்று. இந்தியா 1952இல் தனி உடன்படிக்கை மூலம் தன் உரிமையைக் கைவிட்டது. மலாயாவுக்காகக் கையொப்பமிட்டது பிரித்தானியா. 1967இல் மலேசியாவுக்கு யப்பான் வழங்க இணங்கிய 25 மில்லியன் டொலர், சீனர் கொல்லப்பட்டமை பற்றிய கிளர்ச்சியின் விளைவு. அதுவும் கப்பல்களாகவே வந்தது. தொழிலாளியின் குடும்பத்தை அடைந்தது எதுவுமில்லை. அகிஹிதோவும் மிச்சிகோவும் 1981இன் தொடக்கத்தில் ஜயவர்த்தனாவின் இலங்கைக்கு வந்தபோது, திறந்த பொருளாதாரத்துக்கு யப்பானிய உதவி பெருகிக்கொண்டிருந்தது. மறுவருடம் தொடங்கிய ரூபவாகினியும் யப்பானின் கொடையே. நல்லெண்ணப் பயணமும் மூலதனமும் ஒரே பாதையிற் செல்வதை நமது நாடு நேரிற் கண்டது.

1998 மே மாதத்தில் பேரரச தம்பதியர் இலண்டன் சென்றபோது, அவர்களுடைய குதிரை வண்டி வந்த வீதியில் பிரித்தானிய முன்னாட் போர்க்கைதிகள் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றனர். அன்றிரவு விருந்திலே போரின் துன்பங்கள் குறித்துத் தமது துயரத்தைத் தெரிவிக்க அகிஹிதோ கடமைப்பட்டார். முதுகு காட்டுவதற்கும் ஒரு சங்கம் வேண்டும், செய்தியைப் போடப் பத்திரிகை வேண்டும், அவர்களைச் சேவைக்காரர் என ஏற்கும் ஓர் அரசு வேண்டும். 1991இலும் 2006இலும் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் பேரரசராக அவர் சென்றபோது, தோட்டத்துத் தமிழ் முதியோருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்த்திருக்கவில்லை. 2013 டிசெம்பரில் தம்பதியர் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்திராவில் நடனத்தைக் கண்டு மகிழ்ந்தனர். நகரம் அவர்களை அன்போடு வரவேற்றது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்தே சயாமில் மாண்டவர்களின் குடும்பங்கள் புறப்பட்டன என்பதை அவ்வரவேற்பு நினைவிற் கொள்ளவில்லை.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் புதைக்கப்பட்டுள்ளனர். அவற்றின் நடுகற்களிற் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர்க்கற்கள் இல்லை. அவர்களைப் பெயரோடு நிறுத்தியது நாவலே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவற்றை மலேசியத் தமிழிலக்கியத்தின் பிராந்தியப் பதிவுகளாக மாத்திரம் படிப்பது போதாது. அரசும் அரண்மனையும் வைத்திராத இடாப்பை வைத்திருப்பவை அவை. நமது பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அவை இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

அப்பாதையில் ஓடிய நீராவி இயந்திரங்களுள் ஒன்று, சி 56 வகையைச் சேர்ந்த 31ஆம் இலக்க இயந்திரம், 1979இல் தாய்லாந்திலிருந்து யப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. யஸுகுனி ஆலயத்தின் நூதனசாலை வாயிலில் அது மெருகிடப்பட்டு நிற்கின்றது. அது ஓடிய தண்டவாளங்களுட் பல, மலாயாவின் கிழக்குக் கரைப் புகையிரதப் பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை.